கொட்டானும் கண்டாங்கிக் கரையும்

காரைக்குடி,
மார்கழி.

அன்பு மகளுக்கு,

ஆத்தா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பச்சிக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மேலவீட்டில் ஓடு மாற்றுகிறார்கள், நம் வளவெல்லாம் ஒரே தூசி. பிள்ளையார் நோன்புக்குக் கார்த்திகைத் தீபத்திலிருந்து தினம் ஒரு நூலாக எடுத்துவைத்துக்கொண்டு வருகிறேன். 21 சேர்ந்ததும் இழை திரிப்பேன். நீ வரமுடியாவிட்டால் கோயம்புத்தூரிலேயே நகரத்தார் சங்கத்தில் போய் இழை எடுத்துக்கொள். விட்டுவிடாதே.

போனில் பேச ஆரம்பித்தால் "சரி ஆத்தா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை யாரும் பாதியில் கட் பண்ணமுடியாது பார்.

தேவகோட்டை அம்மானுக்குத் தையில் சாந்தி, அறுபதாம் கல்யாணம். நீ வரவில்லை என்று அண்ணனுக்கு மெசேஜ் போட்டிருக்கிறாய். பிள்ளைகளுக்குப் பரீட்சையாம். அரையாண்டுப் பரீட்சை கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியாதா? தையில் என்ன பரீட்சை? சரி, இருக்கட்டும். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பத்திரிகையிலேயே 'அன்பளிப்பைத் தவிர்க்கவும்' என்று போட்டிருக்கிறார்கள். ஆனாலும் வெறுங்கையோடு வந்து நிற்க உனக்கு மனசு வராது. உன் கல்யாணத்துக்கு அம்மான் வெள்ளிக் குத்துவிளக்கு வைத்தார், அதற்கு ஈடாக நாம் என்ன வைப்பது என்று நீ கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். மொய் நோட்டு என்னிடம்தானே இருக்கிறது? முறைப்படி செய்யவேண்டியதை நானும் அண்ணனும் செய்துகொள்கிறோம். நீ கொண்டுவரவேண்டியது அம்மானுக்கு நல்ல பருத்தித் துண்டு ஒன்று, அவர் பெண்சாதி அம்மாமிண்டிக்கு ஒரு ரவிக்கைத்துணி, ஒரு பனையோலைக் கொட்டான் நிறைய மாவுருண்டை. அதற்குமேல் ஒரு ரூபாய் செலவழித்தால் எனக்குக் கோபம் வரும். ஆனால் கட்டிக் கொண்டுவருகிற அழகில் பந்தலில் இருக்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கவேண்டும். அது உன்னால் முடியும். பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு நீ அட்டை போட்டால் டீச்சர் அதை எடுத்து வகுப்புக்கே காட்டுவார், மறந்துவிட்டாயா?

போன வருஷம் அண்ணன் பிள்ளைக்கு ஒரு பெரிய டப்பா அனுப்பினாயே, வெள்ளிக்காகிதம் சுற்றி, பிளாஸ்டிக் பூ ஒட்டி. உள்ளே இருந்த பொம்மையைவிட அந்தச் சுற்றலுக்குத்தான் அதிகம் கொடுத்திருப்பாய். அந்தப் பயல் ஒரே இழுப்பில் கிழித்துப் போட்டுவிட்டான். நான் அதைக் கூட்டி அள்ளினேன். அப்போதே சொல்லியிருப்பேன், நீ வருத்தப்படுவாய் என்று விட்டுவிட்டேன்.

இதோடு ஒரு பார்சல் வருகிறது. சுற்றியிருக்கும் காக்கித்தாளைக் கிழிக்காமல் பிரி. உனக்கு வேண்டிய தாளே அதுதான். அதனால்தான் அதன்மேல் முகவரி எழுதாமல் தனிச்சீட்டில் எழுதி நூலில் கட்டியிருக்கிறேன். சுருக்கம் இருந்தால் மேலே ஒரு துணியைப் போட்டு இஸ்திரிப்பெட்டியைச் சூடு குறைத்து வைத்துத் தேய். புதுத்தாள் மாதிரி ஆகிவிடும்.

உள்ளே இரண்டு கொட்டான் இருக்கிறது. பனையோலை முடைகிற கையே இங்கே அற்றுப்போக இருந்தது. விசாலாட்சி ராமசாமி ஆச்சி முனைந்து எடுத்து நடத்தியதில் திரும்பவும் பெண்கள் உட்கார்ந்து முடைகிறார்கள், இப்போது புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது. கொட்டானுக்கு மேலே தாள் எதுவும் சுற்றாதே, அதுவே உறை. மாவுருண்டை நெய் கசியும், அதனால் அடியிலும் பக்கத்திலும் வாழையிலையை அனலில் வாட்டி வைத்துவிடு. வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும். மூடியைக் கரைத்துணியால் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டால் போதும்.

கரைத்துணி என்ன என்று கேட்பாய். ஆயாவின் கண்டாங்கிப் புடவை இரண்டு, உடல் நைந்து வலை மாதிரி ஆகிவிட்டது, கரை மட்டும் அப்படியே கிடக்கிறது. அரக்குச் சிவப்பு ஒன்று, கடுகு மஞ்சள் ஒன்று. கரையை மட்டும் நீளமாக வெட்டி, கஞ்சி போட்டுத் தேய்த்துச் சுருட்டி அனுப்பியிருக்கிறேன். கடை ரிப்பன் எல்லாம் அதற்கு முன்னால் நிற்கமுடியாது. ஒரு ஓரம் நெசவிலேயே முடிந்திருப்பதால் பிரியாது. மற்ற ஓரத்தில் நூல் பிரிந்தால் இழுக்காதே, கத்தரித்துவிடு. காரைக்குடிக் கண்டாங்கிக்கும் 2019-இல் புவிசார் குறியீடு கொடுத்தபிறகு கடையில் அது என்ன விலை போகிறது என்று உனக்கே தெரியும். அம்மாமிண்டி கண்டாங்கிக்காரி, பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவாள். உள்ளே இருக்கும் ரவிக்கைத்துணியை எடுத்துவைத்துவிட்டுக் கட்டின கரையைத்தான் தடவிக்கொண்டிருப்பாள்.

துண்டை நேராகத் தாளில் சுற்றாதே, தொளதொளவென்று இருக்கும். ஒரு சட்டைப் பெட்டியில் வை. பெட்டியில் கடைப்பேர் இருக்கிறதே என்று யோசிக்காதே. ஒட்டின இடத்தைத் தண்ணீர் தொட்டுப் பிரித்து, உள்புறம் வெளியே வரும்படி மடித்து மைதாப் பசையால் ஒட்டிவிடு. சுத்தமான பெட்டி கிடைத்துவிடும். அப்புறம் தாள் அளவு. ஒரு நூலைப் பெட்டியைச் சுற்றி விட்டுப் பார், அந்த நீளத்தோடு இரண்டு விரல் கூட்டிக்கொள். இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தாள் பெட்டி உயரத்தில் பாதியும் ஒரு விரலும் இருந்தால் போதும். எல்லாரும் தாராளமாக விட்டுவிட்டு, மூலையில் திணித்துத் திணித்து மூட்டையாக்கிவிடுகிறார்கள். முதலில் இரண்டு பக்கத்தையும் உள்ளே மடக்கு, மேலும் கீழும் முக்கோணமாக வரும், அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடு. மடிப்பைக் கரண்டிக் காம்பால் அழுத்து. செலோடேப் வெளியே தெரியக்கூடாது. தாளின் உள்பக்கம் ஒரு துளி பசை போதும்.

தாள் கொஞ்சம் சின்னதாகப் போனால் பெட்டியைக் குறுக்கே திருப்பி, மூலைவாட்டில் வைத்து நாலு முனையையும் நடுவுக்குக் கொண்டுவந்து பார். பல தடவை சரியாக வந்துவிடும். புதுத்தாள் வாங்க ஓடாதே.

காக்கித்தாள் மொட்டையாக இருக்கிறதே என்று நினைப்பாய். நடுவீட்டுக்கோலம் ஒன்று போடு, நான் சொல்லிக்கொடுத்ததுதானே. பச்சரிசி மாவில் போட்டால் காய்ந்ததும் உதிர்ந்து விருந்தாளி வேட்டியெல்லாம் வெள்ளையாகிவிடும். மாவோடு கொஞ்சம் கோந்து கலந்துகொள், இல்லையென்றால் பிள்ளைகளின் வெள்ளைப் பெயிண்டே போதும். ஓரத்துக்குச் செம்மண் நிறத்தில் பட்டை. சின்னவளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்: வெண்டைக்காயைக் காம்புப்பக்கம் குறுக்கே நறுக்கி, வழுவழுப்பைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பெயிண்டில் தொட்டு அச்சு குத்தச் சொல். ஐந்து இதழ்ப் பூவாக விழும். அழுத்திக் குத்தினால் பூ கசங்கிவிடும், பூனை கால் வைப்பதுபோல மெல்ல வைக்கவேண்டும். நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டுவிடு. குங்குமம் வேண்டாம், ஈரம் பட்டால் துணியில் இறங்கும். கறுப்புத் தாள் வேண்டவே வேண்டாம், அழகாக இருக்கிறது என்று ஆன்லைனில் எவள் சொன்னாலும் சரி.

பேர் எழுதுகிற சீட்டுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு வைத்திருக்கிறேன். தங்க ஓரம் இருக்கும் கெட்டி அட்டைகள். பிள்ளையார் படத்தை வெட்டி எடுத்துச் சாமி அலமாரியில் வைத்துவிட்டு மற்றதை உபயோகி. யார் வீட்டுக் கல்யாணம் என்று எழுத்துத் தெரியக்கூடாது, பின்பக்கத்தைக் காட்டு. விலைச்சீட்டைக் கிழிக்க மறக்காதே. செலோடேப் வெளியே தெரியக்கூடாது.

துணியில் கட்டவேண்டும் என்று தோன்றினால் அதுவும் நல்லதுதான். ஜப்பானில் அதற்கு ஃபுரோஷிகி என்று பேர் வைத்திருக்கிறார்களாம், அண்ணன் மகள் வீடியோ காட்டினாள். சதுரத்துணியை மூலைவாட்டில் விரித்து, நடுவில் பெட்டியை வைத்து, எதிரெதிர் முனைகளை முடிச்சுப் போடவேண்டியதுதான். துணியின் மூலைக்கு மூலை அளவு பெட்டி நீளத்தைப்போல மூன்று பங்கு இருக்கவேண்டும். இதைப் பார்க்கவா ஜப்பான் வரைக்கும் போனாய் என்று கேட்டேன், கட்டுச்சோற்று மூட்டை பார்க்காத பிள்ளை. மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தாலும் தப்பில்லை. 2021-இல் அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்துவிட்டது, இப்போது அதைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள்தான் பெரிய மனுஷர்கள்.

அன்றைக்கு வீடியோவில் பேசினபோது நீ முடியை இரண்டு காதுக்கும் முன்னால் இழுத்து விட்டிருந்தாய். உனக்கு முடியை விரித்துப் போட்டால் பிடிக்காதே, சின்ன வயதிலிருந்து இறுக்கிப் பின்னச் சொல்லி என் உயிரை வாங்குவாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை பகலில் வீட்டில் இருந்தாரே, அதையும் கேட்கவில்லை. கம்பெனியில் என்னென்னவோ நடக்கும், நமக்கு என்ன தெரியும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த ஏழுகல் தோட்டுக்கு அடகுக்கடைக்குப் போகிற வழி நன்றாகத் தெரியும். அப்பச்சி கடையை மூடின வருஷம் அது அங்கேதான் இருந்தது. உனக்கு அப்போது ஏழெட்டு வயது, தெரிந்திருக்காது. நான் கவரிங் தோடு போட்டுக்கொண்டு எல்லாக் கல்யாணத்துக்கும் போனேன். முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆயாவுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஒன்றும் சொல்லவில்லை. நான் கிளம்புகிற அன்றைக்கெல்லாம் அவளுடைய பெரிய பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிலில் போட்டுவைப்பாள். வட்டியை மட்டும் மாதம் தவறாமல் கட்டினேன், ரசீதை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். திருப்பியும் விட்டேன். நீ வைத்திருக்கிறாய் என்று நான் சொல்லவே இல்லை. யாராவது வைத்திருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவேண்டும், கெடு தேதியைக் காலண்டரில் குறித்துவைக்கவேண்டும், வட்டி ஏறவிடக்கூடாது. முடியாத மாதம் அம்மாவிடம் சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

நம் வீட்டு ஆட்கள் பழசைக் குத்திக்காட்டுவார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். சின்ன அயித்தை காதைத்தான் முதலில் பார்ப்பாள். பார்க்கட்டும். கையில் அந்தக் கொட்டானைக் கொடுத்துவிடு, பேச்சு அதற்குப் போய்விடும். "எங்கே வாங்கினாய், எப்படிக் கட்டினாய்" என்று கேட்க ஆரம்பித்தால் அவள் நிறுத்தமாட்டாள். அம்மானுக்கு நீ எதைக் கொண்டுவந்தாலும் ஒன்றுதான். "பாப்பா வரலையா" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். பரீட்சை என்று என் வாயால் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

மாவுருண்டைக்குப் பாசிப்பருப்பை நன்றாகச் சிவக்க வறு, கருகவிடாதே. நெய் நான் அனுப்பியதே போதும், வாங்காதே. முந்தின நாள் பிடித்தால்தான் வாசம் நிற்கும். பெட்டியைச் சுற்றுவது, கோலம் போடுவது எல்லாம் முன்னாலேயே முடித்துவிடலாம்.

ராத்திரி பஸ்ஸில் ஏறினால் விடிய இங்கே வந்துவிடலாம். மாப்பிள்ளையைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா, அவருக்கு லீவு கிடைக்குமா என்ற கேள்வியெல்லாம் இங்கே யாரும் கேட்கமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. அப்பச்சியிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

வரும்போது என் பெரிய கத்தரிக்கோலையும் எடுத்து வா. போன தீபாவளிக்கு ரவிக்கை வெட்ட என்று கொண்டுபோனது. அந்தக் கரையை நான் காய்கறிக் கத்தியால் வெட்டியிருக்கிறேன், ஓரம் கோணலாக இருந்தால் என்னைச் சொல்லாதே.

உன் ஆத்தா