பழைய கோவாவை அழிச்சது போர் இல்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க சுற்றுலா பக்கத்துல பழைய கோவா பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். போட்டோ எல்லாம் அருமை, ஆனா "போர்களால் அழிந்த நகரம்"னு ஒரே வரியில ஊரோட கதைய முடிச்சிட்டீங்க பாருங்க, அதுதான் மனசுக்கு ஒப்பல. நான் அந்த ஊருக்கு நாலு தடவ போயிருக்கேன், அதுல ரெண்டு தடவ டிசம்பர் 3 சவேரியார் திருவிழாவுக்கே போனேன், போற ஒவ்வொரு தடவையும் மனசுல ஓடுற ஒரே கேள்வி, இவ்ளோ பெரிய கிறிஸ்தவக் கோயில்கள கட்டி வச்ச ஜனமெல்லாம் எங்க போச்சு, வீடுங்க எங்க, கடைத்தெரு எங்க?

போர் வரவே இல்லனு நான் சொல்லல. டச்சுக்காரன் கப்பல கொண்டு வந்து மாண்டவி ஆத்து வாய மறிச்சு வியாபாரத்த படுக்க வச்சான். 1683-ல சம்பாஜியோட மராத்தா படை ஊருக்கு எதிர்ல இருக்குற தீவு வரைக்கும் வந்துடுச்சு, ஊர ஆண்ட போர்ச்சுகீசிய வைஸ்ராய் பயந்துபோய் புனித சவேரியாரோட உடல் இருக்குற பெட்டிய திறந்து தன்னோட செங்கோல அவர் பக்கத்துல வச்சு இனி நீங்களே காப்பாத்துங்கனு கும்பிட்டாராம். அதே சமயம் முகலாயப் படை இந்தப் பக்கம் வந்ததால சம்பாஜி திரும்பிட்டார், அது வேற விஷயம். ஆக ஊர் தப்பிச்சுது சார். அத கொன்னது தண்ணி.

முதல்ல இன்னொன்னு, போர்ச்சுகீசியர் உருவாக்கிய நகரம்னும் போட்டிருக்கீங்க. மாண்டவி ஆத்தங்கரையில அந்த துறைமுக ஊர் பீஜப்பூர் சுல்தான் ஆதில் ஷா காலத்துலயே நல்லா ஓடிட்டு இருந்துச்சு, அதுக்கும் முந்தி கடம்ப ராஜாக்களோட தலைநகர் தெற்க சுவாரி ஆத்துப் பக்கம். 1510 நவம்பர் 25 அன்னைக்கு போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க் ஊர புடிச்சான், அன்னைக்கு புனித கத்தரீனம்மாள் திருநாள், அதனாலதான் அங்க இருக்குற பெரிய கோயில் சே கதீட்ரல் அந்தம்மா பேர்ல இருக்கு. 1530-ல மொத்த போர்ச்சுகீசிய கிழக்குக்கும் அதுவே தலைநகர் ஆச்சு. மிளகு, குதிரை, பட்டு, அடிமை வியாபாரம்னு (ஆமா, மனுசங்களையும் ஏலம் விட்டாங்க, அதையும் எழுதணும்) காசு கொட்டுச்சு, நல்லா இருந்த காலத்துல ரெண்டு லட்சம் பேர் இருந்தாங்கனு சொல்றாங்க, கோவாவ பாத்தவன் லிஸ்பன பாக்க வேண்டாம்னு அவங்க பாஷையிலயே பழமொழி இருக்கு.

இவ்ளோ ஜனத்துக்கும் குடிக்க கிணத்துத் தண்ணி. மண்ணு பூரா ஓட்ட ஓட்டயா இருக்குற செம்புரைக்கல் மண்ணு, கழிவு ஊறி அப்படியே கிணத்துல இறங்கும், வெளியே போக ஒழுங்கான சாக்கடை கிடையாது. 1543-லயே காலரா மாதிரி ஒண்ணு வந்து கொத்து கொத்தா செத்தாங்க, அதுக்கப்புறம் தலைமுறைக்கு தலைமுறை காய்ச்சல் விடல. அந்தப் பக்கம் ஆறும் மண்ணு மேடிட்டு வந்துச்சு. பணக்காரங்க மெதுவா கழண்டுக்கிட்டாங்க, வைஸ்ராயே 1695-ல வெளிய ஒரு மாளிகைக்கு போய்ட்டார், 1759-ல பணஜிக்கே ஜாகைய மாத்தியாச்சு. 1695-ல 20,000 பேர் இருந்த ஊர்ல 1775-ல வெறும் 1,600 பேர். எந்தப் படையும் வந்து கொளுத்தல சார், ஜனங்க காய்ச்சலுக்கும் தண்ணிக்கும் பயந்து மூட்ட கட்டுனாங்க.

கொளுத்தலதான், ஆனா இடிச்சாங்க. பணஜி கட்டுறதுக்கு கல்லு வேணும்னு பழைய ஊர் கட்டடத்தையே பிரிச்சு கொண்டு போனாங்க. சவேரியார் கோவாவுல தங்கி இருந்த புனித பவுல் கல்லூரிக்கே அந்த கதிதான், இப்ப அதோட முகப்பு வளைவு மட்டும் ரோட்டோரமா நிக்குது, பஸ்ல போறவங்க பாதி பேர் திரும்பிக்கூட பாக்குறதில்ல. நம்ம ஆளுங்க அங்க இறங்கி ஒரு நிமிசம் நிக்கணும், ஏன்னா இந்தியாவுல அச்சு இயந்திரம் 1556-ல வந்து இறங்குன இடம் அது. நம்ம முத்துக்குளித்துறையில வேல செஞ்ச அன்றீக்கே பாதிரியார் 1578-ல கொல்லத்துல அச்சடிச்ச "தம்பிரான் வணக்கம்"ங்குற தமிழ்ப் புத்தகம் இருக்குல்ல, அதுக்கு முந்தின வருசம் 1577-ல கோவாவுல தமிழ் எழுத்து வார்த்துப் பாத்திருக்காங்க, அந்த எழுத்தோட மாதிரி அந்தப் புத்தகத்துலயே இருக்கு. இத ஒரு தமிழ்ப் பத்திரிகை எழுதலனா வேற யார் சார் எழுதுவா?

சவேரியார் கதையும் பாதிதான் வந்திருக்கு. 1542 மே மாசம் கோவாவுல வந்து இறங்குனவர் அந்த வருசமே நம்ம பரதவர் ஊர்களுக்கு கிளம்பிட்டார், ஜெபத்த எல்லாம் தமிழ்ல எழுதி வாங்கி மனப்பாடம் பண்ணி கையில மணிய அடிச்சுக்கிட்டே தெருத்தெருவா பசங்கள கூப்பிட்டு சொல்லிக் குடுத்தார். 1552 டிசம்பர் 3 சீனாவுக்கு பக்கத்துல ஒரு தீவுல செத்துப்போனார், மலாக்கா வழியா உடல் 1554-ல கோவா வந்துச்சு. இப்ப போம் ஜீசஸ் பசிலிக்காவுல இருக்குற வெள்ளிப் பேழை கோவா தட்டாருங்க செஞ்சது, கீழ இருக்குற பளிங்கு மேடை டஸ்கனி பிரபு மூணாம் கோசிமோ அனுப்புனது, அத 1698-ல தான் பூட்டி முடிச்சாங்க. அதாவது ஊர் காலியாகிட்டு இருக்குற நேரத்துல இத்தாலியில இருந்து பளிங்கு வந்து இறங்குது! ஊரு செத்தாலும் யாத்திரை சாகலைனு நான் சொல்றது இதத்தான். பத்து வருசத்துக்கு ஒருக்கா உடல சே கதீட்ரலுக்கு பவனியா கொண்டு போய் பொதுமக்கள் பாக்க வைப்பாங்க, கடைசியா 2024 நவம்பர் 21-ல இருந்து 2025 ஜனவரி 5 வரைக்கும் நடந்துச்சு, வரிசையில நம்ம தமிழ்தான் எங்க பாத்தாலும் காதுல விழுந்துச்சு.

அதே ஊர்ல 1560-ல இருந்து நடுவுல ஒரு சின்ன இடைவெளி போக 1812 வரைக்கும் இன்குவிசிஷன்ங்குற மத விசாரணை நடந்துச்சுங்குறதையும் நீங்க தொடல. மதம் மாறினதுக்கு அப்புறமும் பழைய வழக்கத்த விடலனு சந்தேகப்பட்டு ஆளுங்கள புடிச்சு உள்ள போட்ட ஊர் அது. அத கொண்டு வரணும்னு போர்ச்சுகல் ராஜாவுக்கு 1546-ல கடுதாசி எழுதுனவங்கள்ல சவேரியாரும் ஒருத்தர். நான் கத்தோலிக்கன்தான், அவர்கிட்ட வேண்டிக்கிறவன்தான், அதுக்காக இத மறைச்சுட்டு வரலாறு எழுத முடியாதுல்ல.

மத்தது எல்லாம் சுருக்கமா. புனித அகுஸ்தினார் கோயில் கோபுரத்த பீரங்கி அடிச்சு இடிச்சதா நினைச்சுக்காதீங்க, 1835-ல துறவற சபைகள வெளியேத்துனதும் பாக்க ஆளில்லாம 1842-ல கூரை விழுந்துச்சு, முகப்பு 1931-ல விழுந்துச்சு, 46 மீட்டர் கோபுரத்துல பாதிதான் இப்ப மிச்சம். அந்த இடிபாட்டுக்குள்ளதான் ஜார்ஜியா நாட்டு ராணி கெத்தேவானோட எலும்பு கிடைச்சுது, 2021-ல அதுல ஒரு பகுதிய அவங்க நாட்டுக்கே குடுத்தாச்சு. 1776-ல சே கதீட்ரலோட ஒரு கோபுரம் விழுந்ததால இப்ப ஒத்தக் கோபுரமா நிக்குது.

கடைசியா போட்டோவுக்கு கீழ ஒரு தப்பு. "போம் ஜீசஸ் பசிலிக்கா"னு போட்டு பளிச்னு வெள்ளையா ஒரு கோயில் படம் வச்சிருக்கீங்க, அது சே கதீட்ரல். பசிலிக்கா வெளிப்பக்கம் செங்கல் மாதிரி செவப்பா இருக்கும், 1950-கள்ல சுண்ணாம்புப் பூச்ச உரிச்சு எடுத்துட்டாங்க, அதுல இருந்து ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கல்லு கரைஞ்சுக்கிட்டு இருக்கு. அடுத்த வாரம் சின்னதா ஒரு திருத்தமாச்சும் போட்டுடுங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்