ஓலி ஆண்டர்சன் இல்லாத ஹார்ஸ்மென் பட்டியல்

டபிள்யூ.டபிள்யூ.இ. ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். 2012ஆம் ஆண்டு மயாமியில் ஃபோர் ஹார்ஸ்மென் என்ற தொழில்முறை மல்யுத்த அணியை உங்கள் புகழ் மண்டபத்தில் சேர்த்துச் சிறப்புச் செய்தபோது ரிக் ஃபிளேர், ஆர்ன் ஆண்டர்சன், டல்லி பிளான்சார்ட், பேரி விண்டம், மேலாளர் ஜே.ஜே. டில்லன் ஆகிய ஐவரைத் தேர்ந்தெடுத்தீர்கள். அணியைத் தொடங்கிய நால்வரில் ஒருவரான ஓலி ஆண்டர்சனின் பெயர் அதில் இல்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

நீங்கள் எடுத்துக்கொண்டது 1988ஆம் ஆண்டின் அணி என்பது புரிகிறது. உலகப் பட்டம் ஃபிளேரிடமும், அமெரிக்கப் பட்டம் விண்டமிடமும், இரட்டையர் பட்டம் ஆர்ன், டல்லி இருவரிடமும் இருந்த அந்தக் கோடையை மறந்த ரசிகர் எவரும் இல்லை. விண்டமின் இடத்தை நான் கேள்வி கேட்கவும் இல்லை. ஆனால் ஆள் மாறிக்கொண்டே இருந்த ஓர் அணியில் எங்கே கோடு கிழித்தாலும், அது தொடங்கியவர்களை வெளியே தள்ளும் கோடாக இருக்கலாகாது. 1993இல் பால் ரோமா என்ற வீரரை அணியில் சேர்த்ததைப் பற்றி ரசிகர்கள் இன்றும் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சர்ச்சை வேறு, இது வேறு.

1985 செப்டம்பரில் அட்லாண்டாவின் ஆம்னி அரங்கில், ரஷ்யர்களாக வேடமிட்ட மல்யுத்த வீரர்களிடமிருந்து ஃபிளேரைக் காப்பாற்ற இரும்புக் கூண்டுக்குள் ஓடிவந்த வீரர் டஸ்டி ரோட்ஸை, காப்பாற்றப்பட்ட ஃபிளேரே ஆர்ன், ஓலி ஆண்டர்சன்கள் இருவருடனும் சேர்ந்து மடக்கிக் கணுக்காலைச் சிதைத்தார். ஹார்ஸ்மென் என்ற பெயர் வருவதற்கு முன்பே அணி பிறந்த இடம் அந்தக் கூண்டுதான் என்பேன். ஆர்னுக்கு ஆண்டர்சன் என்ற குடும்பப் பெயர் மேடைப் பெயராக வாய்த்ததும் ஓலியின் முகச்சாயல் அவருக்கு இருந்ததால்தான்.

1987இல் மகனின் மல்யுத்தப் போட்டிகளைக் காணச் சென்றதைக் குற்றமாகச் சொல்லி ஓலியை வெளியேற்றிவிட்டு, அவரது இடத்தில் லெக்ஸ் லூகர் என்ற வீரரை அமர்த்தினார்கள். அது மல்யுத்தக் காட்சியின் கதைக்காக எழுதப்பட்ட நீக்கம். ஓலி பின்னர் திரும்பி வந்தார். 1990 பிப்ரவரியில் ஸ்டிங் என்ற வீரரை அணியிலிருந்து விரட்டிய மேடையிலும் நின்றார். கதையில் வில்லன்களான ஹார்ஸ்மென்களே திரும்பச் சேர்த்துக்கொண்டவரை நீங்கள் சேர்க்காததுதான் விந்தை.

1984இல் ஜார்ஜியா மல்யுத்த நிறுவனத்தின் பங்குகள், அன்று உங்கள் நிறுவனத்தின் உரிமையாளராக இருந்த வின்ஸ் மக்மஹன் கைக்குப் போனதை ஓலி கடுமையாக எதிர்த்தார். வாயை அடக்கத் தெரியாத மனிதர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. அந்தப் பழைய பகையே காரணம் என்று ரசிகர்கள் பேசிக்கொள்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். லூகருக்கு 2025இல் தனியாக இடம் தந்த நீங்கள், பழைய கசப்புகளைக் கடக்கத் தெரியாதவர்கள் அல்லர்.

ஓலி 2024 பிப்ரவரியில் தமது 81ஆம் வயதில் காலமானார். இனி அவர் மேடையேறிச் சங்கடமாக எதையும் பேசிவிடப் போவதில்லை. தனி விழாவோ சிலையோ வேண்டாம். 2012ஆம் ஆண்டுப் பட்டியலில் ஆர்னின் பெயருக்குப் பக்கத்தில் ஓலியின் பெயரையும் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய ரசிகன்