பேய்க்கதை இரவு: ஜூன் 20, சனிக்கிழமை

நண்பர்களுக்கு வணக்கம். பேய்க்கதை என்றால் சோறு தண்ணி மறக்கிற நம் கல்லூரிக் கூட்டம் மறுபடி கூடுகிறது. இரவு 7.30, என் வீட்டு மொட்டை மாடி.

1. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைப் படித்துவிட்டு வாருங்கள். முன்பே படித்தவர்களும் இன்னொரு முறை. நள்ளிரவில் அறைக்குள் பரவும் அந்தப் பிணவாடை வரும் இடத்தை நிறுத்தி, வரி வரியாகப் பேசலாம். ஒரு வாடையை வைத்தே குலை நடுங்க வைக்கிறார் மனிதர்!

2. எழுதுகிறவர்கள் 500 சொல்லுக்குள் சொந்தக் கதை கொண்டு வரவும். 1816 ஜூனில் ஜெனீவா ஏரிக்கரையில், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று உடனிருந்த நண்பர்களிடம் சொன்னார் ஆங்கிலக் கவிஞர் பைரன். அவர்களில் ஒருவரான 18 வயது மேரி (பின்னாளில் மேரி ஷெல்லி) அப்போது தொடங்கியதுதான் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவல். தயங்காமல் எழுதுங்கள்.

3. ரத்தமும் வெட்டுக்குத்தும் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த கிணற்றடி, விடுதி வராந்தா, கடைசி பஸ் போதும். பயம் மெல்ல ஏறட்டும்.

4. கதையைக் குழுவில் போடாதீர்கள், முடிவு தெரிந்துவிடும். எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

5. சின்னப் பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம்.

வருகிறீர்களா, கதை உண்டா என்று வியாழன் இரவுக்குள் பதில் போடவும். இட்லிக்கு மாவு சொல்ல வேண்டும்.