புதுப் பைப்புக்குத் தேன் தடவ வேண்டாம்

ஆசிரியருக்கு,

வணக்கம். சுங்கான் என்று பழைய தமிழில் சொல்லப்படும் புகைக்கும் பைப்பைப் புதிதாக வாங்கியவர்கள் அதை எப்படிப் பழக்குவது என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பு மூன்று யோசனைகளைச் சொல்லியிருந்தது. புகையிலை போடும் கிண்ணத்தின் உட்சுவரில் தேனைக் கெட்டியாகத் தடவ வேண்டும். முதல் சில தடவை வேகவேகமாக இழுத்து உள்ளே சீக்கிரம் கரி பிடிக்க வைக்க வேண்டும். கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புகையிலை போடவே கூடாது. மூன்றாவதில் பாதி உண்மை இருக்கிறது. முதலாவது வீண் வேலை. இரண்டாவதை நம்பி நடந்தால் நல்ல பைப்பும் ஓட்டையாகிவிடக்கூடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புகையிலை எந்த வடிவத்திலும் உடலுக்குக் கேடுதான். பைப் பிடிப்பவர்கள் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்பதால் வாய், தொண்டைப் புற்றுநோயின் ஆபத்து இல்லாமல் போவதில்லை. புதிதாக யாரையும் தொடங்கச் சொல்லி இந்தக் கடிதம் எழுதப்படவில்லை. ஏற்கெனவே பிடிப்பவர்கள் கையிலிருக்கும் பொருளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகத்தான்.

பெரும்பாலான பைப்புகள் பிரையர் மரத்தில் கடையப்படுபவை. மத்தியதரைக் கடலை ஒட்டிய மலைச்சரிவுகளில் வளரும் எரிகா ஆர்போரியா என்ற புதர்மரத்தில், தண்டும் வேரும் சேரும் இடத்தில் புடைத்து நிற்கும் முண்டுதான் பிரையர். அதைத் தோண்டியெடுத்து அறுத்து, பல மணி நேரம் கொதிநீரில் வேகவைத்துச் சாற்றை இறக்கிவிட்டு, மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். பிரான்சில் ழூரா மலைப்பகுதியில் இருக்கும் சான் குளோத் ஊர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இந்த வேலைக்குப் பேர்போனது. பிரையர் இறுக்கமான மரம். சூட்டைத் தாங்கும், ஈரத்தை உறிஞ்சும். ஆனாலும் மரம் மரம்தான். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எந்த மரமும் மெல்லக் கருகத் தொடங்கும். கனலும் புகையிலையின் சூடோ அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். புதுப் பைப்பில் அந்தக் கனலுக்கும் வெறும் மரத்துக்கும் நடுவே எதுவும் கிடையாது. நாளடைவில் புகையிலையின் சாம்பலும் கரியும் எண்ணெய்ப்பசையும் சேர்ந்து உட்சுவரில் ஒரு கரிப்படை படியும். அதுதான் மரத்துக்குக் கவசம். அந்தப் படை படியும்வரை மரத்தைக் கருகவிடாமல் காப்பாற்றுவதற்குப் பெயர்தான் பழக்குவது. கரியை அவசரமாக வரவழைப்பது பழக்குவதாகாது. வேகமாக இழுத்தால் உள்ளே கறுப்பாகத் தெரிவது உண்மை. ஆனால் அது புகையிலை விட்டுச்சென்ற கரியல்ல, மரமே கருகிய கரி. கவசத்தைக் கட்டுவதாக நினைத்துச் சுவரை எரித்துக்கொண்டிருப்போம்.

நெருப்பு வைக்குமுன் பைப்பை ஒரு தடவை சோதித்துவிடுவது நல்லது. பஞ்சிழை சுற்றிய மெல்லிய கம்பியான பைப் கிளீனர் ஒன்றை வாய்க்குழல் வழியாக விடுங்கள். தடையில்லாமல் போய்க் கிண்ணத்தின் அடியில் தலைகாட்ட வேண்டும். காற்றுத் துளை கிண்ணத்தின் அடிமட்டத்தில், நடுவில் இருக்க வேண்டும். துளை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே ஏறியிருந்தால், அதற்குக் கீழே கிடக்கும் புகையிலை என்றைக்கும் சரியாக எரியாது. ஈரம் அங்கேயே தேங்கிப் புளித்த வாடை அடிக்கும். ஒரு பென்சிலைக் கிண்ணத்துக்குள் இறக்கி ஆழத்தை அடையாளம் வைத்து, வெளிப்பக்கம் பிடித்துப் பார்த்தால் அடிப்பகுதியின் கனம் தெரிந்துவிடும். அடி மெலிந்த பைப்பை ஆரம்பத்தில் கூடுதல் கவனத்தோடு பிடிக்க வேண்டும். உட்சுவரில் குண்டூசித் தலையளவு பள்ளமோ மெல்லிய விரிசலோ இருந்தால் விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். பிற்பாடு ஓட்டை விழுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட இடத்தில்தான்.

உட்புறம் மங்கலான கறுப்பாக இருந்தால் அது செய்தவரே பூசிய பூச்சு. கரித்தூளை ஏதாவது ஒட்டும் பொருளில் குழைத்துத் தடவியிருப்பார்கள். அதை அப்படியே விட்டுவிடலாம். முதல் நாலைந்து தடவை சுவை கொஞ்சம் வேறுமாதிரி இருக்கும், பிறகு சரியாகிவிடும். பளபளவென்று வார்னிஷ் மினுக்கினாலோ, ஈரத்துணியில் சாயம் ஒட்டினாலோ விடக்கூடாது. மெல்லிய மணல்தாளை விரலில் சுற்றி இரண்டு சுற்றுத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, துணியில் சாயம் வராதவரை துடைத்தெடுங்கள். வார்னிஷ் எரிந்த புகையை யாரும் வாய்க்குள் இழுக்கக் கூடாது.

இனி தேன். இது பழைய வழக்கம் என்பதை மறுக்கவில்லை. நூலிழை போல் மெல்லியதாகத் தடவியதால் எந்தப் பைப்பும் பாழாய்ப் போனதில்லை. ஆனால் அதனால் பெரிய நன்மையும் இல்லை. தேனில் பெரும்பகுதி சர்க்கரை. சூட்டில் அது பொங்கி, நுரைத்த கரியாகும். பார்வைக்கு அழகான கறுப்புச் சுவர் கிடைத்ததுபோல் இருக்கும். தொட்டால் மிருதுவாக, துளைத்துளையாக இருக்கும். பத்துத் தடவைக்குள் பொருக்காக உதிரும். உதிரும்போது அதன்மேல் படிந்த நல்ல கரியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். குறிப்பில் சொன்னபடி கெட்டியாகத் தடவினால் தேன் அடியில் வழிந்து காற்றுத் துளையையே அடைக்கும். ஏதாவது தடவியே ஆக வேண்டும் என்று தோன்றினால், விரல்நுனியைத் தண்ணீரில் தொட்டு உட்சுவரை ஒரு தடவை ஈரப்படுத்துங்கள். முதல் சாம்பல் ஒட்டிக்கொள்ள அது போதும்.

பழக்கும் காலத்தில் எந்தப் புகையிலையைப் போடுகிறோம் என்பதும் முக்கியம். வாசனையும் இனிப்பும் அதிகம் ஏற்றிய கலவைகள் ஈரத்தை விடாமல் பிடித்துவைப்பவை. அவை எரியும்போது நீராவி நிறைய வரும், கரிப்படை பிசுபிசுப்பாகப் படியும். பர்லி என்ற புகையிலை வகையை இனிப்பேற்றாமல் போடுவதோ, பர்லி கலந்த எளிய கலவையோ இந்தச் சமயத்துக்குப் பொருத்தம். பர்லியின் கரி கெட்டியாகவும் சீராகவும் படியும். எதுவானாலும் டப்பாவிலிருந்து எடுத்தவுடன் போடாதீர்கள். ஒரு காகிதத்தில் பரப்பி அரை மணி நேரமாவது காற்றாட விடுங்கள். ஒரு சிட்டிகையை விரலிடையில் அழுத்தி விட்டால், உருண்டையாக நிற்காமல் மெல்லப் பிரிந்துவர வேண்டும். உருண்டையாகவே நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. மொறுமொறுவென்று நொறுங்கினால் காய்ந்துவிட்டது, அது சூடாக எரியும்.

எவ்வளவு போடுவது? சாதாரணக் கிண்ணம் 20 மில்லிமீட்டர் அகலமும் 38 மில்லிமீட்டர் ஆழமும் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். முழுதாக நிரப்பினால் இரண்டு கிராமுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ பிடிக்கும். முதல் நாலைந்து தடவை அடியிலிருந்து 13 மில்லிமீட்டர், அடுத்த நாலைந்து தடவை 25 மில்லிமீட்டர், அதன்பிறகு முழுக் கிண்ணம் என்பது நெடுநாள் வழக்கம். இதன் காரணம் நியாயமானது. முழுக் கிண்ணம் போடுகிறவர்கள் பெரும்பாலும் அடிவரை பிடிப்பதில்லை. மேலே கரி படிந்து, அடி வெறும் மரமாகவே நின்றுவிடும். கொஞ்சமாகப் போட்டால் அடியும் கரி காணும். குறிப்பு சொல்லாமல் விட்டது இன்னொரு பக்கத்தை. அடியில் மட்டுமே திரும்பத் திரும்ப நெருப்பு வைத்தால், பைப்பிலேயே அதிகம் சூடேறுகிற அந்த இடம் இன்னும் சூடேறும். ஆகவே ஏழெட்டுத் தடவைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கிலேயே நிற்க வேண்டாம். மெதுவாக இழுக்கக் கை பழகியவர் முதல் நாளே முழுக் கிண்ணம் போட்டு, அடிவரை பொறுமையாகப் பிடித்தாலும் பைப் நன்றாகவே பழகும். அளவைவிட வேகம்தான் முக்கியம்.

நிரப்பும்போது அடியில் போடும் முதல் சிட்டிகையைக் குழந்தை கையால் அழுத்துவதுபோலவும், நடுவில் உள்ளதைச் சற்றுக் கூடுதலாகவும், மேலே உள்ளதைப் பெரியவர் கையால் அழுத்துவதுபோலவும் அழுத்தச் சொல்வார்கள். எழுத்தில் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. நெருப்பு வைக்குமுன் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். உறிஞ்சுகுழலில் தண்ணீர் குடிப்பதுபோல் லேசான தடை தெரிய வேண்டும். தடையே இல்லையென்றால் தளர்வு, சட்டென்று எரிந்து சூடாகும். கன்னம் ஒட்டும்படி இழுக்க வேண்டியிருந்தால் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். அந்த நிலையில் பற்றவைத்தால் அடிக்கடி அணையும். அணையாமலிருக்க வேகமாக இழுப்போம், அங்கேதான் கேடு தொடங்கும்.

பற்றவைக்கத் தீக்குச்சியே மேல். தலைமருந்து எரிந்து முடியும்வரை ஒரு நொடி பொறுங்கள். ஜெட் லைட்டர் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் கூர்மையான சுவாலை விளிம்பு மரத்தை ஒரே நொடியில் கருக்கிவிடும். முதல் தீயை வட்டமாகச் சுற்றிக் காட்டினால் மேல்புகையிலை பொங்கி எழும். அதை டாம்பரால், அதாவது புகையிலையை அமுக்கும் சிறு கருவியால், மெல்ல அமர்த்திவிட்டு இரண்டாவது தீ வைக்க வேண்டும். அதுதான் நிற்கும் தீ. அதன்பிறகு டாம்பரை அழுத்தத் தேவையில்லை, அதன் சொந்த எடை போதும்.

இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே 20 முதல் 30 நொடி விடுங்கள். புகை மெல்லிய இழையாக வந்தால் சரியான வேகம். கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். இதமாக இருந்தால் நல்லது. கன்னத்தில் வைத்திருக்க முடியவில்லையென்றால் பைப்பைக் கீழே வைத்துவிட வேண்டும். அணைந்தால் அணையட்டும். புதுப் பைப் ஒரு கிண்ணத்துக்குள் நாலைந்து தடவை அணைவது சகஜம், அணைகிற பைப் கருகுவதில்லை. திறந்த வெளியில், காற்றடிக்கும் இடத்தில், ஓடும் வண்டியில் புதுப் பைப்பைப் பிடிக்கவே கூடாது. காற்று துருத்தி போல் ஊதிவிடும், நாம் இழுக்காமலேயே கனல் ஏறும்.

வெளிச்சுவரில் ஒரு புள்ளி மட்டும் விரல் வைக்க முடியாதபடி சுட்டாலோ, அந்த இடத்தில் மெருகு கறுத்தாலோ கொப்பளித்தாலோ உடனே நிறுத்துங்கள். உள்ளே மரம் தின்னப்படுவதன் அடையாளம் அது. ஆறியபின் பார்த்தால் அந்த இடத்தில் பள்ளமோ சிலந்திவலை போன்ற வெடிப்போ தெரியும். ஆழமில்லாத பள்ளமாக இருந்தால் சாம்பலைச் சலித்துச் சில துளி தண்ணீரில் களிம்பாகக் குழைத்து அப்பி, இரண்டு மூன்று நாள் உலர விடலாம். மேலே கரி படியும்வரை அது தாங்கும்.

உள்ளே களகளவென்று சத்தம் கேட்டால் ஈரம் சேர்ந்திருக்கிறது. வாய்க்குழலைக் கழற்றாமலே கிளீனரை விட்டு எடுத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது வாய்க்குழலைத் திருகக் கூடாது. பொருத்து தளரும், சில சமயம் தண்டுக்குள் செருகியிருக்கும் வாய்க்குழலின் முனையே முறிந்துவிடும். சாம்பலைக் கொட்டக் கிண்ணத்தைக் கல்லிலோ மேசையிலோ தட்டாதீர்கள், தண்டு விரிசல் காணும். ஆறியபின் மிச்சமிருக்கும் சாம்பலோடு கிண்ணத்தின் வாயை உள்ளங்கையால் மூடி நன்றாகக் குலுக்கிக் கொட்டினால், மெல்லிய தூள் சுவரெங்கும் படியும். பிறகு வாய்க்குழலுக்குள் ஒரு கிளீனரை நிறுத்தி, குறைந்தது ஒரு நாள் முழுக்க ஓய்வு கொடுங்கள். புதுப் பைப்புக்கு இரண்டு நாள் கொடுத்தால் இன்னும் நல்லது. ஈரம் காயாத மரத்தில் நெருப்பு வைத்தால் புகை புளிக்கும், மரமும் வெடிக்கும்.

இப்படி 20, 30 தடவை போனால் சுவரில் சீரான கறுப்பு தெரியும். படை ஒன்றரை மில்லிமீட்டர் வரை வளரலாம், அதற்கு மேல் விடக்கூடாது. சூட்டில் கரியும் மரமும் ஒரே அளவில் விரிவதில்லை. கனத்த கரி உள்ளிருந்து நெட்டித் தள்ளிக் கிண்ணத்தையே பிளந்துவிடும். குறைக்க, கரியைச் சுரண்டியெடுப்பதற்கென்றே உள்ள ரீமரைப் பயன்படுத்துங்கள். கூர்முனைக் கத்தி கரியைக் கட்டியாகப் பெயர்த்து, மரத்தையும் கீறிவிடும்.

இவ்வளவும் பிரையருக்கு மட்டும். மீர்ஷாம் என்ற மிருதுவான வெள்ளைக் கல்லில் செய்த பைப்பில் கரிப்படை சேரவே கூடாது, ஒவ்வொரு தடவையும் துடைத்துவிட வேண்டும். மக்காச்சோளத் தக்கைப் பைப்பைப் பழக்கவே தேவையில்லை. ஆனால் சிலவற்றில் மரத்தண்டின் முனை கிண்ணத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அது எரிந்து தீரும்வரை முதல் சில தடவை அடியில் கசப்படிக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

குறிப்பைப் படித்து ஏற்கெனவே தேன் தடவிவிட்டவர்கள் இருப்பார்கள். இன்னும் பற்றவைக்கவில்லையென்றால், வெந்நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் பிசுபிசுப்பு போகும்வரை உள்ளே துடைத்து, காற்றுத் துளையில் கிளீனரை விட்டு எடுத்து, இரண்டு நாள் காயவிடுங்கள். கிண்ணத்துக்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள். பற்றவைத்துவிட்டவர்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். பொருக்குத் தளரும்போது மடித்த காகிதத்தால் மெல்லச் சுற்றினால் தானாக வந்துவிடும். அதன்பிறகு அந்தப் பைப்பைப் புதுசாகவே கருதி முதலிலிருந்து தொடங்கலாம். இதைத் தாங்கள் அடுத்த இணைப்பிலேயே வெளியிட்டால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்