காபி கவர் வெளிய பேப்பரா இருந்தா மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுற்றுச்சூழலுக்கு ஏத்த பேக்கிங் பத்தி உங்க பத்திரிகைல வந்த கட்டுரையைப் படிச்சேன். ரொம்ப தேவையான விஷயம், எழுதினவருக்கு நன்றி சொல்லிடுங்க. ஆனா அதுல காபின்னு வர்ற இடத்துல மட்டும் "பிளாஸ்டிக்கை விட்டுட்டு பேப்பர் கவருக்கு மாறுங்க"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நான் காபிக்கொட்டை வறுத்து, அரைச்சு, பாக்கெட் போடற தொழில்ல இருக்கேன், சின்ன அளவுலதான். எந்த கவர்ல போடறதுங்கறது எங்களுக்கு தினமும் மண்டையைக் குடையற கேள்வி, அதுக்கு ஒரு வரில பதில் கிடையாது ஐயா.

முதல்ல காபிக்கு என்ன ஆகுதுன்னு சொல்லிடறேன், அது தெரியாம கவரைப் பத்தி பேசவே முடியாது. வறுத்த காபியைக் கெடுக்கறது நாலு விஷயம், காத்துல இருக்கற ஆக்சிஜன், ஈரம், வெளிச்சம், சூடு. இதுல ஆக்சிஜன்தான் ரொம்ப மோசம். அராபிகா கொட்டைல சுமார் 15 சதவீதம், ரோபஸ்டால 10 சதவீதம் பக்கம் எண்ணெய் இருக்கு, காத்து பட்டா அந்த எண்ணெய் காறிப்போகும், அப்புறம் எவ்வளவு நல்ல கொட்டையா இருந்தாலும் குடிச்சா நாக்குல ஒரு சிக்கு வாடைதான் நிக்கும். மணத்துக்குக் காரணமான பொருட்கள் மட்டும் 800க்கு மேல கண்டுபிடிச்சிருக்காங்க, அதுல கந்தகம் சேர்ந்த சிலது இருக்கு, பாக்கெட்டைப் பிரிச்சதும் குப்புனு வர்ற வாசனைல அதுக்குப் பெரிய பங்கு உண்டு, முதல்ல ஓடிப்போறதும் அதுதான். கொட்டையா இருந்தா கொஞ்சம் தாங்கும். தூளாக்கிட்டா காத்து படற பரப்பு பல மடங்கு ஆயிடும், அதனால தூளுக்குத்தான் நல்ல கவர் வேணும், ஆனா பல பேர் கொட்டைக்கு நல்ல கவரும் தூளுக்கு சாதா கவரும் போடறாங்க, இது எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல.

காத்துல ஆக்சிஜன் 21 சதவீதம். பாக்கெட்டுக்குள்ள அதை 1 சதவீதம் பக்கம் கொண்டுவரணும்னுதான் நைட்ரஜன் அடிச்சு சீல் பண்றோம். அதுக்கப்புறம் வெளிக்காத்து உள்ள நுழையாம மாசக்கணக்குல பாத்துக்கறது கவரோட வேலை.

இன்னொரு சிக்கல், வறுத்த கொட்டை சும்மா இருக்காது, உள்ள இருந்து கார்பன் டை ஆக்சைடை வெளிய விட்டுக்கிட்டே இருக்கும். கொட்டையோட எடைல 1 முதல் 2 சதவீதம் வரைக்கும் இந்த வாயுதான், ஒரு கிலோவுக்குப் பல லிட்டர் வரும். வறுத்த அன்னைக்கே இறுக்கமா சீல் பண்ணி வெச்சா பாக்கெட் பலூன் மாதிரி ஊதி சீல் போட்ட இடத்துல பிரிஞ்சிடும். 1900ல அமெரிக்காவுல ஹில்ஸ் பிரதர்ஸ் கம்பெனி வேக்குவம் டின்ல காபி விக்க ஆரம்பிச்சாங்க, பெரிய முன்னேற்றம்தான், ஆனா வாயு போற வரைக்கும் காபியை வெளில ஆறப்போட்டு அப்புறம்தான் அடைக்கணும், அதுக்குள்ள மணம் கொஞ்சம் போயிடும். 1960கள்ல இத்தாலில கோக்லியோ கம்பெனி கொண்டுவந்த ஒன்வே வால்வ்தான் இதுக்கு வழி பண்ணிச்சு. பாக்கெட் மேல பொத்தான் சைஸ்ல வட்டமா ஓட்டை ஓட்டையா இருக்குமே, அதேதான். உள்ள ஒரு மெல்லிய ரப்பர் தகடு, அதுக்கு அடில ஒரு சொட்டு எண்ணெய், உள்ள அழுத்தம் ஏறினா தகடு லேசா தூக்கி வாயுவை விட்டுட்டு திரும்ப ஒட்டிக்கும், வெளிக்காத்து உள்ள வராது. தூள் போடற பாக்கெட்டா இருந்தா வால்வுக்குப் பின்னாடி ஒரு சின்ன ஃபில்டர் பேப்பர் இருக்கணும், இல்லைன்னா தூள் போய் தகட்டுல உக்காந்துக்கும், அப்புறம் அது வால்வ் கிடையாது, வெறும் ஓட்டை.

இப்ப பேப்பர் விஷயத்துக்கு வர்றேன். பேப்பருக்கு ஆக்சிஜனையும் ஈரத்தையும் தடுக்கற சக்தி கிட்டத்தட்ட கிடையாது. வெறும் பேப்பர் கவர்ல தூள் போட்டா சில நாள்ல மணம் போயிடும், ஈரக்காத்து அடிக்கற நாள்ல நமத்தும் போயிடும். அப்ப கடைல அழகா பிரவுன் கலர் பேப்பர்ல நிக்கற பாக்கெட் எல்லாம் எப்படி மாசக்கணக்குல தாங்குது? காலியான ஒரு கவரை எடுத்து ஒரு ராத்திரி தண்ணில ஊறப்போட்டுப் பாருங்க. காலைல பேப்பர் மட்டும் கூழா உரிஞ்சு வரும், அடில பளபளன்னு அலுமினிய ஃபாயிலோ மெட்டல் பூசின பிளாஸ்டிக்கோ, அதுக்கு உள்பக்கம் இன்னொரு பிளாஸ்டிக் லேயரோ இருக்கும். தப்புன்னு சொல்லல, காபியைக் காப்பாத்த அது வேணும். ஆனா பேப்பரையும் ஃபாயிலையும் பிளாஸ்டிக்கையும் பசை போட்டு ஒட்டின அந்த கவரை பேப்பர் ஆலையும் எடுத்துக்காது, பிளாஸ்டிக் ஆலையும் எடுத்துக்காது. மேல பேப்பர் இருக்கறதால வாங்கறவங்க நல்லது பண்றோம்னு நம்பி காசு கூட கொடுத்து வாங்கறாங்க, பேப்பர் குப்பைல போடறாங்க, அங்க அது நல்ல பேப்பரையும் சேத்துக் கெடுக்குது. இந்த நம்பிக்கையை வெச்சு வியாபாரம் பண்றது எனக்கு மனசுக்குப் பிடிக்கல. எங்களுக்கு கவர் சப்ளை பண்ண வந்த ஒருத்தர்கிட்ட இது எத்தனை லேயர், என்னென்ன லேயர்னு கேட்டா "ஈகோ ஃப்ரெண்ட்லி சார், எல்லாரும் இதான் வாங்கறாங்க"ன்னு திரும்பத் திரும்ப சொன்னாரே தவிர லேயர் விவரம் ஒரு காகிதத்துலகூட எழுதித் தரல.

வீட்லயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. காலி கவரைக் கைல நல்லா கசக்கி விடுங்க, கசங்கினது கசங்கினபடியே இருந்தா உள்ள கெட்டி ஃபாயில் இருக்கு, மெல்ல விரிஞ்சு வந்தா பிளாஸ்டிக் மேல மெட்டல் பூசினது. கவருக்குள்ள செல்போன் டார்ச் அடிச்சா பூசினதுல லேசா வெளிச்சம் தெரியும், ஃபாயில்ல தெரியாது. ஃபாயில்னா 7, 9 மைக்ரான் கனம்தான் இருக்கும், பூச்சு அதை விடப் பல மடங்கு மெல்லிசு, நானோமீட்டர் கணக்கு. தடுக்கற சக்தில ஃபாயிலை அடிச்சுக்க ஆள் இல்ல, ஆனா மடிக்கற இடத்துல அது வெடிச்சு ஊசிமுனை ஓட்டை விழும்.

அப்ப என்னதான் பண்றதுன்னு கேட்டா, காபி எவ்வளவு நாள்ல குடிச்சு முடியப்போகுதுங்கறதுல இருந்து ஆரம்பிக்கணும்னு நான் சொல்வேன். இங்கதான் கட்டுரையோட எனக்கு முக்கியமான கருத்து வேறுபாடு. காபியோட மொத்த கார்பன் கணக்கைப் போட்டா பேக்கிங்கோட பங்கு பெரும்பாலும் சின்னதுதான், தோட்டத்துல போடற உரம், வீட்ல தண்ணி கொதிக்க வைக்கிற கேஸ் கரண்ட் இதெல்லாம்தான் பெரிசு. 7 கிராம் தூள் போட்ட ஒரு சின்ன கப் காபிக்குப் பின்னாடி சுமார் 130 லிட்டர் தண்ணி இருக்குன்னு கணக்கு போட்டிருக்காங்க, அதுல பெரும்பகுதி தோட்டத்துல பெய்யற மழைதான், இருந்தாலும் தண்ணி தண்ணிதானே. 250 கிராம் தூள் கெட்டுப்போய் குப்பைல கொட்டினா நாலாயிரம் லிட்டருக்கு மேல தண்ணியும் ஒரு வருஷ உழைப்பும் சேந்து போகுது. மக்கற கவர்ல போட்டு கெட்டுப்போன காபியை விட சாதா கவர்ல போட்டு கடைசி ஸ்பூன் வரைக்கும் குடிச்ச காபி எவ்வளவோ மேல். இதுக்காக எந்த கவர்னாலும் பரவால்லன்னு நான் சொல்ல வரல, ரெண்டையும் சேத்துப் பாக்கணும்னு சொல்றேன்.

கப்பல்ல போய், குடோன்ல கிடந்து, கடை ஷெல்ஃப்ல ஆறு மாசம் நிக்கப்போற தூளுக்கு உயர்ந்த தடுப்பு இருக்கற கவர்தான் வேணும், வேற வழி இல்ல. அதுலயும் இப்ப ஒரே வகை பிளாஸ்டிக்ல, அதாவது கிட்டத்தட்ட முழுசும் பாலிஎத்திலீன் வெச்சு செஞ்ச கவர் வந்திருக்கு, நடுவுல ஈவிஓஹெச்னு ஒரு மெல்லிய லேயர், அது ஆக்சிஜனைத் தடுக்கும். அந்த லேயர் மொத்த எடைல 5 சதவீதத்துக்குள்ள இருந்தா ரீசைக்கிள் பண்ண பெரிய தடை இல்லைன்னு ஐரோப்பால வழிகாட்டுதல் இருக்கு. ஈவிஓஹெச் ஈரம் பட்டா பலவீனமாயிடும், அதனாலதான் ரெண்டு பக்கமும் பாலிஎத்திலீன் வெச்சு மூடறாங்க. என் பார்வைல இப்போதைக்கு நடைமுறைக்கு ஒத்துவர்றது இதுதான். கஷ்டமும் இருக்கு, மறைக்க வேண்டாம். பழைய கவர்ல வெளி லேயர் சூடு தாங்கும், உள் லேயர் மட்டும் உருகி ஒட்டும். இதுல ரெண்டும் ஒரே ஜாதி பிளாஸ்டிக், சீலிங் மெஷின் சூடு கொஞ்சம் ஏறினா வெளிப்பக்கமும் உருகி மெஷினோட சூடான பட்டைல ஒட்டிக்குது, கொஞ்சம் இறங்கினா சீல் சரியா விழல. கவர் வாய்ல துளி தூள் ஒட்டியிருந்தாகூட சீல்ல தலைமுடி கனத்துக்கு ஒரு சந்து விழுந்துடும், கண்ணுக்குத் தெரியாது, தண்ணிக்குள்ள முக்கி அழுத்தினா வரிசையா குமிழ் வரும். எவ்வளவு ஒசத்தி கவர் வாங்கினாலும் அந்த ஒரு சந்து போதும் எல்லாத்தையும் வீணாக்க. வால்வும் அதே பாலிஎத்திலீன்ல இருக்கணும், இல்லைன்னா ஒரே வகைன்னு சொல்றதுக்கு அர்த்தம் இல்லாமப் போயிடும். அப்புறம், உங்க ஊர்ல மெல்லிய கவரை ரீசைக்கிளுக்கு எடுத்துக்கறாங்களாங்கறது ரொம்ப முக்கியம், பல இடத்துல பாட்டிலை எடுத்துக்குவாங்க, கவரை எடுத்துக்க மாட்டாங்க.

மக்கற கவர் பத்தி. பிஎல்ஏ மாதிரி தாவரத்துல இருந்து செய்யற பிளாஸ்டிக் சும்மா மண்ணுல தூக்கிப் போட்டா மக்கிடாது. 58 டிகிரி பக்கம் சூடு பிடிச்சு வெக்கற உரக்கூடம் வேணும். ஐரோப்பிய தர அளவான ஈஎன் 13432 சொல்றதே அந்த மாதிரி கூடத்துல 12 வாரத்துல துண்டு துண்டாகணும், 6 மாசத்துல 90 சதவீதம் மக்கணும்னுதான். அப்படி ஒரு கூடம் பக்கத்துல இல்லைன்னா அந்த கவர் குப்பைமேட்டுல மத்த குப்பையோட கிடக்கும், இல்ல ரீசைக்கிள் ஆகற பிளாஸ்டிக்ல கலந்து அதைக் கெடுக்கும். ஈரத்தைத் தடுக்கறதுலயும் இது கொஞ்சம் பின்தங்கினதுதான். வறுத்து சில வாரத்துல குடிச்சு முடிக்கற கொட்டைக்கு, உரக்கூட வசதி இருக்கற இடத்துல, தாராளமா போடலாம். சாதா பிளாஸ்டிக்ல ஏதோ கலந்து "தானா மறைஞ்சுடும்"னு விக்கற கவரை மட்டும் தொடவே தொடாதீங்க, அது மறையல, பொடிப்பொடியா நொறுங்கி மண்ணுலயும் தண்ணிலயும் கிடக்கும், ஐரோப்பிய யூனியன்ல 2021லயே அதுக்குத் தடை போட்டாங்க.

பக்கத்துலயே வறுக்கறவங்க இருந்தா எல்லாத்தையும் விட நல்லது வீட்டு டப்பாவைக் கொண்டுபோய் வாங்கிக்கறதுதான், காத்து புகாத மூடி போட்ட ஸ்டீல் டப்பா, ரெண்டு வாரத்துக்குத் தேவையானது மட்டும். கண்ணாடி பாட்டில்னா வெளிச்சம் படாம அலமாரிக்குள்ள வெக்கணும். டப்பா பெருசா தூள் கொஞ்சமா இருக்கக் கூடாது, மிச்ச இடம் பூரா காத்துதான். முக்கியமா, பழைய தூள் தீர்ந்ததும் அப்படியே மேல புதுசைக் கொட்டாதீங்க, டப்பா சுவர்ல படிஞ்ச எண்ணெய் ஏற்கெனவே காறியிருக்கும், விரலால தடவி மோந்து பாத்தா தெரியும். நல்லா கழுவி, ஈரம் துளிகூட இல்லாம காயவெச்சுதான் போடணும். ஃப்ரிட்ஜ்ல வெச்சு தினம் எடுத்துத் திறக்கறதும் வேண்டாம், திறக்கற நேரமெல்லாம் தூள் மேல ஈரம் படியும்.

பெரிய பாக்கெட் வாங்கினா கவர் மிச்சம்னு ஒரு வாதம் இருக்கு, கிராம் கணக்குல அது உண்மைதான். ஆனா பிரிச்ச அந்த நிமிஷமே உள்ள இருந்த நைட்ரஜன் போயாச்சு, ஜிப் இருக்கே மூடிக்கலாம்னா அந்தப் பல்லு இடுக்குல தூள் போய் உக்காந்துக்கும், முழுசா மூடாது. ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்கு ஒரு கிலோ தூள் பாக்கெட் எந்தக் கணக்குலயும் லாபம் கிடையாது.

எங்க மாதிரி பாக்கெட் போடறவங்ககிட்ட வாசகர்கள் இதைத்தான் கேக்கணும்: வறுத்த தேதி எங்க, கவர்ல என்னென்ன லேயர் இருக்கு, காலியானதும் எந்தக் குப்பைல போடறது. பச்சை இலை படம் போட்டா போதாது, இந்த விவரத்தை அச்சடிக்கணும். ஐரோப்பிய யூனியன்ல 2030க்குள்ள சந்தைக்கு வர்ற பேக்கிங் எல்லாமே ரீசைக்கிள் ஆகற மாதிரி இருக்கணும்னு சட்டமே வந்தாச்சு, அங்க போற காபிக்கு அது பொருந்தும்னா மத்த இடத்துல குடிக்கறவங்களுக்கு மட்டும் ஏன் கூடாது?

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இந்த விஷயத்தை எழுதும்போது கவர் விக்கறவங்க சொல்றதோட நிறுத்தாம, குப்பை பிரிக்கற இடத்துல வேலை பாக்கறவங்ககிட்டயும் போய் இந்த காபி கவர் எல்லாம் கடைசில எங்க போகுதுன்னு கேட்டு எழுதுங்க. நாங்க இப்ப போடற கவரோட லேயர் விவரம், காலி கவர் சாம்பிள் எது வேணும்னாலும் உங்க நிருபருக்குக் கொடுக்க நான் தயாரா இருக்கேன்.

இப்படிக்கு,
காபி வறுக்கும் வாசகர் ஒருவர்