நீட்டிப்பு வாரண்டியை ரத்து செய்ய நினைப்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சம்பா அறுவடை முடிந்து நெல் பணம் கைக்கு வந்ததும், பழைய காரைக் கொடுத்துவிட்டு வேறு கார் பார்க்கப் பலர் மன்னார்குடிக்கு வருகிறீர்கள். பழைய காருக்குக் காசு கட்டி வாங்கிய நீட்டிப்பு வாரண்டி, அதாவது உற்பத்தியாளரின் வாரண்டி முடிந்த பிறகு தொடங்கும் கூடுதல் வாரண்டி, அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. மீதிக் காலத்துக்குப் பணம் உண்டா, எவ்வளவு, யார் தருவார்கள் என்பதில் மனக்கசப்பு வருகிறது. அதைத் தவிர்க்கவே இந்த மடல்.

நீங்கள் கட்டும் தொகை முழுவதும் ஒரே இடத்துக்குப் போவதில்லை. ஒரு பகுதி வாரண்டியை விற்றவரின் கமிஷன். மீதி வாரண்டி தரும் நிறுவனத்துக்கு. ரத்து என்று வந்தால் விற்றவர் நிறுவனத்தைக் கேட்கச் சொல்வார், நிறுவனம் வாங்கிய இடத்தில் கேட்கச் சொல்லும். கூத்தாநல்லூரிலிருந்தும் நீடாமங்கலத்திலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வருபவரை இப்படி அலையவிடுவது அநியாயம். எங்களிடம் வாங்கியவர்கள் எங்களிடம் கடிதம் கொடுத்தால் போதும். நிறுவனத்திடம் கேட்டு வாங்குவது எங்கள் வேலை. எங்கள் கமிஷனிலும் மீதிக் காலத்துக்கு உரிய பங்கைச் சேர்த்தே தருவோம்.

அதிகம் சண்டை வருவது கணக்கில்தான். இரண்டு ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் என்ற வாரண்டியை, வரி நீங்கலாக 18,000 ரூபாய்க்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். அது தொடங்கி ஆறு மாதத்தில் ரத்து செய்கிறீர்கள். கால்பங்கு காலம்தானே போயிற்று, 13,500 ரூபாய் வர வேண்டுமே என்று தோன்றும். ஆனால் அதற்குள் வண்டி 16,000 கிலோமீட்டர் ஓடியிருந்தால், ஓட்டத்தில் 40 சதவீதம் தீர்ந்துவிட்டது. எது அதிகமாகத் தீர்ந்ததோ அதைத்தான் பெரும்பாலான ஒப்பந்தங்கள் கணக்கில் எடுக்கும். ஆகவே கிடைப்பது 10,800. இடையில் வாரண்டியில் ஏதாவது பழுது பார்த்திருந்தால் அந்தச் செலவையும் கழிப்பார்கள். உற்பத்தியாளரின் வாரண்டி முடியாமல் நீட்டிப்பு இன்னும் தொடங்கவே இல்லை என்றால் நிலைமை உங்களுக்கு மிகவும் சாதகம். அதனால் ரத்து செய்வது என்று முடிவெடுத்தால் தள்ளிப்போடாதீர்கள்.

18 சதவீத ஜி.எஸ்.டி. திரும்ப வருமா என்றும் கேட்கிறீர்கள். விற்ற நிதியாண்டு முடிந்து அடுத்து வரும் நவம்பர் 30க்குள் கிரெடிட் நோட்டை (பில் தொகையைக் குறைத்து விற்றவர் தரும் சீட்டு) கணக்கில் காட்டினால், விற்றவர் அந்த வரியைக் குறைத்துக்கொள்ளலாம். 2025 பிப்ரவரியில் வாங்கியதற்கு 2025 நவம்பர் 30 வரை. அந்தக் கெடுவுக்குள் இருக்கும்போதே "வரி போனது போனதுதான்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

கோபத்தில் ரத்து செய்ய வருபவர்களும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தேங்கிய வெள்ளத்தில் வண்டியை இறக்கி, இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விடும். வாரண்டியில் செய்ய மறுத்துவிட்டார்களே என்று வருத்தப்படுவார்கள். வாரண்டி என்பது பாகம் தானாகக் கெட்டுப்போவதற்கு. வெள்ளம் இன்சூரன்ஸ் சம்பந்தப்பட்டது. அதிலும் இன்ஜின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்திருக்கிறீர்களா என்று மழைக்கு முன்பே பாருங்கள். தண்ணீரில் நின்றுபோன வண்டியைத் தயவுசெய்து மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

வெளிநாட்டில் வேலை செய்பவர்களின் வீடுகளில் கார் மாதக்கணக்கில் கொட்டகையிலேயே நிற்கிறது. ஓடவில்லையே என்று சர்வீஸை விட்டுவிடுகிறார்கள். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் மாதக் கெடு தவறினால் வாரண்டி கைவிட்டுப் போகலாம். சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ புறப்படும் முன், சர்வீஸுக்கு ஆள் ஏற்பாடு செய்யுங்கள், இல்லையென்றால் ரத்து செய்துவிடுங்கள். காரை விற்பவர்கள் வாரண்டியை வாங்குபவர் பெயருக்கு மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். வாரண்டியோடு விற்கும் வண்டிக்குக் கிடைக்கும் கூடுதல் விலை, திரும்பி வரும் பணத்தைவிட அதிகமாக இருக்கலாம்.

எங்கே வாங்கியிருந்தாலும், ரத்துக் கோரிக்கையை வாய்மொழியாகவோ தொலைபேசியிலோ விட்டுவிடாதீர்கள். தேதியும் அன்றைய மீட்டர் கணக்கும் குறித்துக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். அந்தத் தேதியை வைத்துத்தான் பிறகு எல்லாம் பேச முடியும். விற்றவர் இழுத்தடிக்கும் மாதங்களை உங்கள் தலையில் ஏற்றவும் முடியாது. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கார் வாங்கியது சென்னையில் என்றாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

எங்களிடம் வரும்போது வாரண்டிச் சான்று, பணம் கட்டிய ரசீது, ஆர்.சி. நகல், சர்வீஸ் பில்கள், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். காரை விற்றிருந்தால் விற்பனைப் பத்திரமும் தேவை. ரசீது தொலைந்திருந்தாலும் வாருங்கள். எங்கள் பதிவேட்டில் பார்த்து நகல் தருகிறோம். கணக்கைத் தாளில் போட்டுக் காட்டிய பிறகே உங்களிடம் கையெழுத்துக் கேட்போம்.

அன்புடன்,
உரிமையாளர்,
கார் விற்பனை மற்றும் பழுதுபார்ப்பு நிலையம்,
மன்னார்குடி