சுகாதார மென்பொருளுக்கு கையேடு எழுதுற ஆக்களுக்கு, படுவான்கரையில இருந்து ஒரு மடல்

திறந்த மூல (கோட்ட ஆரும் எடுத்துப் பாத்து மாத்தலாம்) சுகாதார மென்பொருளுக்கு ஆவணம் எழுதுற, மொழிபெயர்க்கிற அண்ணாமார் அக்காமார் தம்பி தங்கச்சிமாருக்கு,

நான் மட்டக்களப்பு, வாவிக்கு மேற்குப் பக்கத்ததான் படுவான்கரை எண்டுற. கிளினிக்கில வேல செய்ற குடும்பநல மாதுமாருக்கு டப்ல டேட்டா போட பழக்கிக் குடுக்கிறதுதான் என்ட வேல. போன வருசம் குருமண்வெளியில பாதை (வாவி கடக்கிற மிதவை) ஏறி மண்டூர்ப் பக்கம் போனன், அங்க ஒரு மிஸ் (குடும்பநல மாதுவ அப்பிடித்தான் கூப்பிடுற) தன்ட ரெஜிஸ்டர் மட்டைக்குள்ள நாலா மடிச்ச பேப்பர் ஒண்டு வெச்சிருந்தா. பேனையால எழுதியிருக்கு, "பச்ச பட்டன அமத்து, சுத்துறது நிக்கும்வரை மூடாத". ரெண்டு வரி வெட்டியும் கிடக்கு, ஏனெண்டா அப்டேட் வந்து பட்டன் இடம் மாறிட்டு. நாங்க எழுதின கையேடு நூத்துச் சொச்சம் பக்கம், தேடுற வசதியோட வடிவான சைட், ஆனா அந்த "மூடாத" எண்ட வரி அதில எங்கயுமே இல்ல. வெட்கமாப் போச்சு எனக்கு.

டி.எச்.ஐ.எஸ். 2 (சுகாதாரத் தரவு சேக்கிற மென்பொருள்) காரர் ஆவணத்த மார்க்டவுன் எண்ட எளிய எழுத்து முறையில எழுதி, கோட் வெக்கிற தளமான கிட்ஹப்ல வெச்சி, எம்.கே.டொக்ஸ் எண்ட டூலால சைட்டாக் கட்டுறாங்க, ஓபன் எம்.ஆர்.எஸ். (நோயாளர் பதிவு மென்பொருள்) காரர் கனகாலம் கொன்ஃப்ளூவன்ஸ் விக்கியில எழுதினவங்க. பிழ எண்டு சொல்ல வரல்ல. கோட் எழுதுறவருக்கு அதுதான் சரி, கோட்டும் விளக்கமும் ஒரே புல் ரிக்வெஸ்ட்ல (மாத்தத்த சேக்கச் சொல்லி அனுப்புறது) மாறினாத்தான் ஏபிஐ (மென்பொருளோட வேற மென்பொருள் பேசுற வழி) பக்கம் பொய் சொல்லாது. மாவட்டத்தில ஃபோம் கட்டி யூசர் பேமிஷன் குடுக்கிறவருக்கு வேர்ஷன் பிரிச்ச சைட் வேணும், அவர்ட சேர்வர் ரெண்டு வேர்ஷன் பின்னுக்கு நிண்டா புதுப் பக்கத்த வாசிச்சி என்ன செய்ய? ஆனா மிஸ்ஸுக்கு வேணுமானது ஏ4 ஒரு பக்கம், பெரிய எழுத்து, தமிழ் ஸ்கிரீன்ட படம் (இங்கிலீஷ் ஸ்கிரீன்ட படத்துக்கு கீழ தமிழில விளக்கம் எழுதுறத தயவுசெஞ்சி விட்டுடுங்க), மூலையில வேர்ஷனும் திகதியும். சிக்னல் இல்லாத இடத்தில வாட்ஸ்அப்ல முதலே இறங்கிக் கிடக்கிற ஃபைல்தான் உதவும்.

ஆவணம் கட்டுற டூல தெரிவு செய்யக்குள்ள தமிழையும் ஒருக்கா ஓட்டிப் பாருங்க. ஸ்பிங்ஸ் எண்ட டூல்ல பிடிஎஃப் எடுக்கிறத்துக்கு நாம ஒண்டும் மாத்தாட்டி தானா ஓடுற எஞ்சின் பிடிஎஃப்லாடெக், அதுக்கு தமிழ் சரிவராது, ஸீலாடெக்குக்கு மாத்தி யுனிகோட் ஃபொண்ட் ஒண்டும் குடுக்கணும். நல்ல விசயமும் இரிக்கு, ஸ்பிங்ஸ் ஆவணத்த துண்டு துண்டா பிரிச்சி பி.ஓ. ஃபைலா (மொழிபெயர்க்கிற ஃபைல்) தரும், அத ட்ரான்ஸிஃபெக்ஸ் எண்ட மொழிபெயர்ப்புத் தளத்தில ஏத்தினா இங்கிலீஷ் மாறின துண்ட மட்டும் திருத்தினாக் காணும், மத்ததெல்லாம் அப்பிடியே கிடக்கும். ஆனா இங்க கன ஒபிஸ்ல இன்னும் பாமினி எண்ட, யுனிகோட் இல்லாத பழைய ஃபொண்ட்லதான் டைப் அடிக்கிறாங்க, அந்த வேர்ட் ஃபைல மார்க்டவுன்ல ஒட்டினா எல்லாம் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையா நிக்கும், அத யுனிகோடுக்கு மாத்திற வேலையையும் கணக்கில எடுங்க. ஒரு மொழிபெயர்ப்பு முழுக்க அப்பிடி வந்து ரெண்டு நாள் குந்தியிருந்து மாத்தினவன் நான்.

கொரோனா தொடங்கின நேரம், 2020 ஜனவரியில, வெளிநாட்டில இருந்து வாறாக்கள பதியிறத்துக்கு டி.எச்.ஐ.எஸ். 2ல ஒரு பதிவு அமைப்பு கட்டினது நம்மட நாட்டு ஆக்கள், மறுகா வேற நாடுகளும் அத எடுத்தாங்க. அந்த அமைப்பு இங்க இருந்து வெளிய போகும் எண்டா மிஸ் எழுதின ஒரு வரியும் போகலாம்தானே. அவ கிட்ஹப்ல அக்கவுண்ட் திறந்து இஷ்யூ (பிழைய அறிவிக்கிற பதிவு) போட மாட்டா. பக்கத்துக்கு கீழ ஒரு வாட்ஸ்அப் நம்பர் போடுங்க, பேனையால திருத்தின பேப்பர போட்டோ எடுத்து அனுப்புவா, அத வாசிச்சி இஷ்யூவா மாத்திறத்துக்கு உங்கட பக்கம் ஒரு ஆள வையுங்க. அந்த ஆளுக்கு தமிழ் தெரியணும், சொல்லிப்போட்டன்.

பட்டன் திரும்ப இடம் மாறுதெண்டா ரிலீஸுக்கு ஒரு கிழமைக்கு முதலே அந்த ஒரு பக்கத்த அனுப்பிடுங்க. சனிக்கிழம பின்னேரம் அனுப்பினா ஏலாது, இங்க போட்டோகொப்பிக் கடை ஞாயிறு பூட்டு.